குடும்பக் காரணங்களால்

பிப்ரவரி 11

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே எனக்கும் உன் அத்தைக்கும் உடம்பில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. அங்கே நீங்கள் இருவரும் சுகம்தானே? என் காதுதான் இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. தொலைபேசியை வைத்துக்கொண்டால் யாரோ தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. மகன் வாராவாரம் அத்தையோடு பேசுகிறான். அவள் அதைச் சுருக்கி என்னிடம் கத்துகிறாள். எவ்வளவு நேரம் பேசியிருந்தாலும் "நல்லா இருக்காங்களாம்" என்ற ஒரு வரியில் முடித்துவிடுவாள். ஆகவே உனக்கு இந்தக் கடிதம்.

விஷயம் இதுதான். பல்கலைக்கழகத்தில் எங்கள் இலக்கிய முதுகலைத் துறைக்கு ஐம்பது வயதாகிறது. நவம்பரில் விழா. துறையின் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். இப்போதைய தலைவர் என்னிடம் படித்தவர், வீட்டுக்கே வந்து என் இடது காதில் வேண்டுகோள் வைத்தார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அவர் வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

முதல் அத்தியாயம் இதோடு வருகிறது. நீ கணினியில் அடித்துப் பிழை பார்த்துத் தா. வேதியியல் துறைக் கிடங்குக்கு மேலிருந்த அறையில் ஐந்து மாணவர்களோடு துறை தொடங்கியது. ஐவரில் நான் ஒருவன். கவிதை வகுப்பு நடக்கும்போது கீழிருந்து கந்தக வாடை ஏறி வரும். ஆசிரியர்கள் பகலில் வேறு கல்லூரிகளில் வேலை பார்த்தவர்கள், அதனால் வகுப்பு மாலையில்தான். 'மாலை அமர்வு' என்று பெயரே நிலைத்துவிட்டது. வாதம் ஓயும்வரை யாரும் எழ மாட்டோம். துறையின் உயிரே அதுதான் என்று எழுதியிருக்கிறேன்.

உன் கோமாளிகள் எப்படி இருக்கிறார்கள்? பழைய மேடை நாடகங்களின் கோமாளிப் பேச்சை ஆராயப்போகிறேன் என்று நீ இதே துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஐந்தாவது வருஷம் ஓடுகிறது. செப்டம்பரோடு காலாவதி. மகன் வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றினாலும் நீ அதைக் கைவிடாதே.

உன் மாமா

மார்ச் 3

மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம்.

உங்கள் கடிதம் பழைய முகவரிக்குப் போய், அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு என்னிடம் வந்தது. தாமதத்துக்கு அதுதான் காரணம். இனி உறையின் பின்புறம் இருக்கும் முகவரிக்கு எழுதுங்கள். நான் சுகம். அவரும் நலமாகத்தான் இருப்பார். அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா?

நான் இங்கே பள்ளிப் பாடநூல் போடும் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். நாள் முழுக்க நான்காம் வகுப்பு அறிவியல். தவளையின் வாழ்க்கை எனக்கு இப்போது அத்துப்படி.

உங்கள் அத்தியாயத்தை அடித்து அனுப்பியிருக்கிறேன். கந்தக வாடையைப் படித்ததும் எனக்குத் தும்மல் வந்தது. ஒரே ஒரு சந்தேகம். முதல் பக்கத்தில் ஐந்து பேர் சேர்கிறீர்கள். ஏழாம் பக்கத்தில் பட்டம் வாங்க மூன்று பேர்தான் மேடையேறுகிறீர்கள். நடுவில் இரண்டு பேர் எங்கே போனார்கள்? பிழை பார்க்கிறவள் கண்ணுக்கு அங்கே ஒரு பக்கம் விட்டுப்போனதுபோல் இருக்கிறது.

கோமாளிகள் பெட்டிக்குள் இருக்கிறார்கள்.

உங்கள் மருமகள்

மார்ச் 14

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். புது முகவரியைப் பார்த்து மறுபடி மாற்றல் என்று புரிந்துகொண்டேன். மகன் வேலை பார்க்கிற அந்தக் கப்பல் கம்பெனிக்கு ஆளை ஓரிடத்தில் உட்கார வைத்துப் பழக்கமே இல்லை.

உன் சந்தேகத்துக்கு வருகிறேன். விட்டுப்போன பக்கம் எதுவும் இல்லை. படித்து முடித்தவர்களால்தான் ஒரு துறை நிற்கிறது. பாதியில் போனவர்களையெல்லாம் எழுதினால் அது வரலாறாக இருக்காது, வருகைப் பதிவாக இருக்கும். இருந்தாலும் கேட்டுவிட்டாய். ஒருவனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. இன்னொருத்தி எங்களில் எல்லோரையும் விடக் கெட்டிக்காரி. எங்கள் முதல் தலைவரை நாங்கள் பெரியவர் என்போம். அவர் அவளுக்கு வைத்த பெயர் வாயாடி. எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் அதைப் பாடியவனோடு நேரில் சண்டை போடுவதுபோல் பேசுவாள். இரண்டாம் வருஷம் குடும்பக் காரணங்களால் விலகிவிட்டாள். அவ்வளவுதான். அப்படியே ஒரு வரி சேர்த்துக்கொள்.

இதை உன் அத்தையிடம் சொன்னேன். "அவ கேக்குறது சரிதானே" என்றாள். இந்த வீட்டில் எனக்கு ஆதரவு குறைவு.

இரண்டாம் அத்தியாயம் இதோடு. மகனை ஒரு வரியாவது எழுதச் சொல்.

மாமா

ஏப்ரல் 20

மாமாவுக்கு வணக்கம்.

பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். நடுவில் பத்து நாள் காய்ச்சல். இப்போது சரியாகிவிட்டது, அத்தை கவலைப்பட வேண்டாம். என் அறை ஜன்னலுக்கு நேர்கீழே தராசு செய்கிற பட்டறை. காலையிலிருந்து இரும்பைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். எங்கேயாவது எழுந்து போய்விட வேண்டும் என்று கால் பரபரக்கிறது, போகத்தான் இடம் தெரியவில்லை.

இரண்டாம் அத்தியாயத்தை அடித்துவிட்டேன். தப்பாக நினைக்காதீர்கள், ஒரு தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு வருஷத்து மாணவர்களைப் பற்றி எழுதும்போதும் யாரோ ஒரு பெண், சில வருஷம் இரண்டு மூன்று பெண்கள், 'குடும்பக் காரணங்களால்' விலகுகிறார்கள். ஆண்கள் விலகினால் ரயில்வே, வங்கி, ராணுவம் என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்கள் என்றால் அதே இரண்டு சொல். பாடப்புத்தகத்தில் இப்படி வந்தால் நான் பென்சிலால் வட்டம் போடுவேன்.

எந்தக் குடும்பம் மாமா? என்ன காரணம்? வாயாடி இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் அவரையே கேட்கலாமே.

உங்கள் மருமகள்

மே 2

அன்புள்ள மருமகளுக்கு,

காய்ச்சல் போனதில் நிம்மதி. உன் கடிதத்தைப் படித்து மூன்று நாள் கோபமாக இருந்தேன். நான்காம் நாள் வாயாடியைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

அவள் இதே ஊரில்தான் இருக்கிறாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறாள். கூரையில் 'கற்பவர்' பலகை வைத்த கார்கள் எத்தனையோ தடவை என்னைக் கடந்து போயிருக்கின்றன. மகள்தான் இப்போது நடத்துகிறாள் என்றாலும் முன்னறையில் முதலாளி நாற்காலியில் இவள்தான். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"என்னப்பா, இந்த வயசுல வண்டி ஓட்டக் கத்துக்க வந்துட்டியா?"

நல்லவேளை, அவள் குரலுக்கு என் காது போதும். டீ வந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டேன். "நீ ஏன் படிப்ப விட்ட?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"குடும்பக் காரணம்னு..."

டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "எந்தக் குடும்பம்? எங்கப்பா என்னைப் படிக்க வைக்க சொந்தக்காரங்க அத்தனை பேரோடயும் மல்லுக்கு நின்ன மனுஷன். எனக்கு ஊருக்குக் கடைசி பஸ் ஏழே காலுக்கு. நீங்கல்லாம் ஏழு மணிக்குத்தான் சூடு பிடிப்பீங்க. மார்க்கே அதுக்கப்புறம் பேசுறதுக்குத்தான். பாதி வாதத்துல எழுந்து ஓடுவேன். 'வாயாடி வண்டி கிளம்பிடுச்சு'ன்னு ஒருத்தன் சொல்லுவான், எல்லாரும் சிரிப்பீங்க."

"யாரு சொன்னது?"

"யாரா இருந்தா இப்ப என்ன?" என்றாள். சொன்னவள் என்னைப் பார்க்கவில்லை. பெரியவரிடம் போய்க் கேட்டாளாம், விடியற்காலையில் வகுப்பு வைத்தாலும் வருகிறேன் என்று. 'இலக்கியம் கடிகாரம் பார்க்காதும்மா' என்றாராம் அவர். "பஸ்காரன் பார்ப்பான்யான்னு சொல்லிட்டு வந்துட்டேன். மறு வருஷமே வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன். எவன் பஸ்ஸுக்கும் நிக்க வேணாம் பாரு."

வீட்டுக்கு நடந்தே வந்தேன். ஆசிரியர்கள் பகலில் வேறு வேலை பார்த்ததால்தான் மாலையில் வகுப்பு. ஏழெட்டு வருஷத்தில் எல்லோரும் முழுநேர ஆசிரியர்களாகிவிட்டோம். அதற்குப் பிறகும் ஏன் மாலையில் நடத்தினோம்? நான் தலைவராக இருந்த காலம் முழுவதும் நடத்தினேனே? பழகிவிட்டது, பிறகு அதுவே பெருமையாகிவிட்டது. உட்காரவும் முடியவில்லை, எழுதவும் முடியவில்லை. அத்தை என்னைக் கடைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறாள்.

மாமா

மே 9

மாமாவுக்கு,

இருவரும் நலமென்று நம்புகிறேன். இதை அலுவலக இடைவேளையில் எழுதுகிறேன், அதனால் நாலு வரிதான்.

நிறுத்தாதீர்கள். மற்றவர்களையும் போய்ப் பாருங்கள். அது தனி அத்தியாயமாக வரட்டும், நான் அடித்துத் தருகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று ஒரு பெட்டியைப் பிரித்தேன். கோமாளிகள் கொஞ்சம் பூச்சி அரித்திருக்கிறார்கள். பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது.

உங்கள் மருமகள்

ஜூலை 18

அன்புள்ள மருமகளுக்கு,

இரண்டு மாதமாக நான் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. அத்தையும் நானும் சுகம் என்று வழக்கம்போல் எழுதிவிட்டு மேலே போகிறேன்.

சொன்னபடி அலைந்தேன். துறையை விட்டுப்போன பதினோரு பேரைப் பார்த்தேன். எல்லோருக்கும் பஸ் காரணமில்லை. ஒருத்தி குழந்தை பிறந்து மூன்று மாதம் வராததற்காகப் பெயர் நீக்கப்பட்டவள். இன்னொருத்தி தன் நெறியாளரின் மெய்ப்புகளைப் பார்த்துக் கொடுத்தே நாட்கள் போய்விட்டன என்றாள். அதைக் கேட்டு உன்னை நினைத்துக்கொண்டேன். சிலர் என்னோடு பேசவே விரும்பவில்லை. அத்தியாயத்தை எழுதிவிட்டேன்.

அடுத்தது எழுதக் கஷ்டமாக இருக்கிறது. போன வாரம் மகன் வந்தான், தனியாக. அவளுக்கு வேலை, லீவு கிடைக்கவில்லை என்றான். அவன் சட்டையில் ஒரு பித்தான் வேறு நிறத்தில் இருந்தது. அவன் போன பிறகு உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். 'அவரும் நலமாகத்தான் இருப்பார்' என்று எழுதியிருக்கிறாய். இருக்கிறார் என்று எழுதவில்லை. வாழ்நாள் முழுக்க வரிக்கு வரி உரை சொன்னவன், அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

நீங்கள் இருவரும் ஒன்றாக இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அத்தையிடம் கேட்டேன்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ஜனவரிலேர்ந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

"என் காது..."

"நான் காதைச் சொல்லல" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

என்ன நடந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. மாடி அறை காலியாக இருக்கிறது. இங்கே வந்து தங்கி ஆய்வேட்டை முடி. இது உன் வீடு.

மாமா

ஆகஸ்ட் 1

மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். நீங்கள் கேட்காததால்தான் சொல்ல முடிகிறது.

அவர்மேல் குறை சொல்ல எனக்கு மனசில்லை. 'படிக்காதே' என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. 'அடுத்த ஊர்ல உக்காந்து எழுதலாம்' என்பார். அடுத்த ஊரிலும் அதையே சொல்வார். நான்காவது ஊரில் வீடு சின்னது. என் புத்தகப் பெட்டிகளைக் கம்பெனிக் கிடங்கில் போட்டார். 'பத்திரமாத்தானே இருக்கு' என்றார். பத்திரமாகத்தான் இருந்தன. ஒருநாள் ஒரு புத்தகம் தேடி அங்கே போனேன். கிடங்குக் குமாஸ்தா, "இதெல்லாம் எந்த ஊருக்குப் போகுதுங்க?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வாரமே பெட்டிகளோடு கிளம்பிவிட்டேன். பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டது அவர்தான். இரண்டு நாளில் திரும்பிவிடுவேன் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாடி அறை வேண்டாம் மாமா. விடுமுறைக்கு அவர் வந்தால், அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தவளைப்போல் நான் அங்கே நிற்பேன். அது அவருக்கும் நல்லதல்ல, எனக்கும் நல்லதல்ல.

பதிவை ஒரு வருஷம் நீட்டிக்க விதியில் இடமிருக்கிறதா என்று மட்டும் துறையில் கேட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்

ஆகஸ்ட் 20

அன்புள்ள மருமகளுக்கு,

நீ சொன்னதையெல்லாம் இரண்டு தடவை படித்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

துறைக்குப் போனேன். தலைவர் மேஜையில் என் அத்தியாயம் கிடந்தது. "சார், இது பொன்விழாப் புத்தகம். குற்றப்பத்திரிகை இல்ல" என்றார். இன்றைக்கும் மாலை அமர்வு நடக்கிறது, விழா அழைப்பிதழிலேயே அதைத்தான் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். பிறகு உன் விஷயத்தைச் சொன்னேன். "நீட்டிப்புக்கு என் சிபாரிசு போதும் சார். நீங்க எனக்காக ஒண்ணு பண்ணுங்க, நான் உங்களுக்காக ஒண்ணு பண்றேன்" என்றார். குரலில் மரியாதைக்குக் குறைவே இல்லை.

எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். பதினோரு பேரின் கதை எப்போதோ நடந்து முடிந்தது. உன்னுடையது இன்னும் நடக்கிறது. ஒரு அத்தியாயம்தானே, எடுத்துவிடுகிறேன். நீ மனுவை அனுப்பு.

மாமா

செப்டம்பர் 27

மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம்.

ஒரு மாதமாக நான் பதில் போடாமல் இருந்தது கோபத்தால் அல்ல. முதலில் மன்னிப்பு: நான் உங்கள் ஊருக்கு வந்தேன், வீட்டுக்கு வரவில்லை. வந்திருந்தால் அத்தை சோறு போட்டிருப்பார், நான் அழுதிருப்பேன், வந்த காரியம் நடந்திருக்காது.

தலைவரைப் போய்ப் பார்த்தேன். "வாம்மா, சார்கிட்ட எல்லாம் பேசியாச்சே. கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

"என்கிட்ட யாரும் பேசலையே சார்" என்றேன்.

நீட்டிப்பு வேண்டாம், பழைய பதிவு காலாவதியாகட்டும், புதிதாக நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்கிறேன் என்று சொன்னேன். அவருக்கு உண்மையாகவே வருத்தம். "அஞ்சு வருஷமும் வீணாப் போயிடுமேம்மா. முதல் வருஷத்துப் பசங்களோட உக்காரணும்."

"உக்காந்துக்கறேன் சார்."

அவர் கெட்டவர் இல்லை மாமா. விழா நல்லபடியாக நடக்க வேண்டும் என்று பயப்படுகிற மனிதர், அவ்வளவுதான். தேர்வு எழுதினேன். பட்டியலில் மூன்றாவதாக வந்திருக்கிறேன். விண்ணப்பத்தில் 'முந்தைய பதிவைத் தொடராததற்குக் காரணம்' என்று ஒரு கட்டம். அலுவலகப் பெண், "குடும்பக் காரணம்னு போட்டுடுங்க மேடம், எல்லாரும் அதான் போடுவாங்க" என்றாள். நான் 'இடம் கிடைக்கவில்லை' என்று எழுதினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள்.

பதிப்பகத்தில் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், இன்னொரு மாணவியோடு ஒரு அறைக்குக் குடிவருகிறேன்.

இனி நீங்கள் யாருக்கும் எதற்கும் கடன்படவில்லை. அந்த அத்தியாயத்தைத் திருப்பி வையுங்கள். அது இல்லாமல் புத்தகம் வருமானால், அடித்துக் கொடுத்தவள் என்று முன்னுரையில் என்னைக் குறிப்பிட்டிருக்கிறீர்களே, அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

உங்கள் மருமகள்

நவம்பர் 24

அன்புள்ள மருமகளம்மாவுக்கு,

ஒரே ஊரில் இருந்துகொண்டு தபால் எழுதுகிறேன் என்று அத்தை சிரிக்கிறாள். சிரிக்கிற அளவுக்கு அவள் முழங்கால் தேறியிருக்கிறது. உன் சளி போய்விட்டதா? விழாவில் நீ மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்ததை மேடையிலிருந்து பார்த்தேன்.

அத்தியாயத்தைத் திருப்பி வைக்கச் சொல்லி நான் தலைவரிடம் போனேன். "அந்தப் பொண்ணு உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் வந்துதா சார்?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர்மேல் எனக்கு இப்போது கொஞ்சம் மதிப்பு வந்திருக்கிறது.

விழாவில் நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் நீ பின்வரிசையில் இருந்தாய். எனக்குத் தெரிந்தது முன்பக்கக் காட்சி. துணைவேந்தர் மாலை அமர்வின் மகிமையைப் பேசப் பேச, ஏழு மணியானதும் ஒரு பெண் எழுந்தாள். பிறகு இன்னொருத்தி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராக. ஒருவரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். பின்வரிசை காலியானதும் துணைவேந்தர் பேச்சை நிறுத்திவிட்டு, "என்ன, எங்க போறாங்க?" என்று ஒலிபெருக்கியிலேயே கேட்டார். என்னால் உட்கார முடியவில்லை. மேடையிலேயே எழுந்து, "புத்தகத்துல கடைசி அத்தியாயத்துல இருக்குங்க" என்றேன். அரங்கில் ஒருத்தி மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அழைத்திருந்த வாயாடிதான். அடுத்த பருவத்திலிருந்து நேரத்தை மாற்றுவது பற்றிப் பரிசீலிப்பதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார். பரிசீலனையை நான் விடப்போவதில்லை, வாரத்துக்கு ஒரு தடவை போய் அவர் எதிரில் உட்காரப்போகிறேன்.

மகன் வந்திருக்கிறான். விழாவுக்கு வரவில்லை, மறுநாள் வந்தான். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் மாடியில் உட்கார்ந்தான். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. பிறகு இறங்கி வந்து, கடைசி அத்தியாயத்தை விரித்து என்முன் வைத்தான். காதருகே குனிந்து கேட்டான்.

"அப்பா, இதுல அவ இல்லையே?"

"இது விட்டுட்டுப் போனவங்களப் பத்தினதுடா. அவ விடல."

புத்தகத்தை மூடி வைத்தான். பிறகு, "எங்க தங்கியிருக்கா?" என்றான்.

"அத அவகிட்டதான் கேக்கணும்."

"போன் பண்ணா எடுக்க மாட்டா."

"அப்போ நான் கேட்டுச் சொல்றேன்" என்றேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். அவன் என் பிள்ளை. அவனுக்காக ஒரு வார்த்தை பரிந்து பேச எனக்கு ஆசைதான். பேசப்போவதில்லை. சொல் என்றால் சொல்கிறேன், வேண்டாம் என்றால் அதையும் சொல்கிறேன். அவசரமில்லை, உனக்கு அடுத்த வாரம் பருவத் தேர்வு. அதை முடித்துவிட்டு எழுது.

மாமா